விசில் இல்லாத கறி

மதிவதனிக்கு வாயைத் திறந்து ஒன்று கேட்பதென்றால் அரை நாள் யோசிக்க வேண்டும். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி பஸ் போனாலும் கண்டக்டரைக் கூப்பிடமாட்டாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே திரும்பி வருவாள். அப்படிப்பட்டவள் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மாட்டுக்கறிக் கடை முன்னால் போய் நின்று, "எலும்பில்லாம அரைக் கிலோ குடுங்க பாய், தொடைக்கறியா" என்று கேட்டாள். இரண்டாம் தடவைதான் அவர் காதில் விழுந்தது.

கறியைப் பைக்குள் வைத்துக்கொண்டு செங்கம் ரோட்டில் தன் மாடி அறைக்கு நடந்தபோது பையின் வாயை இறுக்கிப் பிடித்திருந்தாள். இந்த அறை போனால் இன்னொன்று கிடைக்காது. வேதியியலில் எம்.எஸ்சி. முடித்து, தண்ணீர் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை கிடைத்ததும், ஆசிரமத்துப் பக்கம் ஏழு வீடு ஏறி இறங்கியிருந்தாள். ஆறு வீட்டில் ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். பதில் சொன்னதும், அறையை நேற்றே வேறு ஆளுக்குப் பேசிவிட்டதாகச் சொன்னார்கள். ஏழாவது வீட்டு ரேணுகாம்பாள் மட்டும் அதைக் கேட்கவில்லை.

"கோழி, ஆடு ஆக்கிக்கோம்மா, நாங்களும் சாப்புடறவங்கதான். வேற எதுவும் ஆவாது" என்றாள்.

அந்த 'வேற' எது என்று அவளும் சொல்லவில்லை, மதியும் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். எட்டு மாதமாக அந்தத் தலையாட்டல் அவளை உறுத்திக்கொண்டிருந்தது.

மறைத்துச் சாப்பிடுவது அவளுக்குப் புதிதல்ல. போளூரில் அவள் வளர்ந்தது லைன் வீட்டில். வரிசையாக ஆறு குடித்தனம். குக்கர் விசிலை வைத்தே எந்த வீட்டில் என்ன கறி என்று மற்ற வீடுகள் சொல்லிவிடும். கோழிக்கு மூன்று, ஆட்டுக்கு ஐந்து. எட்டு என்றால் அது ஒன்றுதான். அதனால் அவள் அம்மா ராணியம்மாள் நாலாவது விசிலில் அடுப்பை அணைத்துவிடுவாள். பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடத் தொடங்கியதும் மீதி நாலை வைப்பாள்.

இன்றைக்கு மதி செய்யப்போவது வேறு மாதிரி. தை மாதத்தில் பக்கத்து அறையில் மார்த்தா என்ற அமெரிக்கப் பெண் தங்கியிருந்தாள். மாட்டுக்கறியை மெல்லிசாக நறுக்கி, குடமிளகாயோடு சோயா சாஸ் ஊற்றி, பெரிய தீயில் வதக்குவாள். அவர்கள் ஊரில் சீனாக்காரர் கடைகளில் செய்வதாம். மதிக்கும் ஒரு தட்டு கொடுத்தாள். ரேணுகாம்பாள் அறை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

காலையில் அம்மா போனில் கேட்டாள், "குக்கர் இல்லாம அது எப்படிடி வேவும்?"

"சோடா உப்பு கலந்து கொஞ்ச நேரம் ஊற வெச்சுட்டா மெத்துனு ஆயிடும்மா."

"அப்போ விசிலே வராதா?"

"வராது."

அம்மா சிரித்தாள். "இத்தினி வருசமா நமக்குத் தெரியாம போச்சே! சரி, ஜன்னல சாத்திக்கோ. ஊதுவத்தி ஏத்தி வையி."

மதி ஜன்னலைச் சாத்தினாள். கறியை இழைக்குக் குறுக்கே, விரல் நீளத்துக்கு நறுக்கினாள். சோடா உப்பு அரை டீஸ்பூன். அதற்குமேல் போனால் கசக்கும். காரத்தன்மை ஏறினால் புரத இழைகள் சூட்டில் இறுகிக்கொள்ளாது. இது அவள் படித்த படிப்பு. அரை மணி கழித்துக் கழுவி, சோள மாவும் சாஸும் மிளகுத்தூளும் உப்பும் பிசறினாள். இரும்புச் சட்டியில் எண்ணெய் புகைந்ததும் கறியைப் போட்டாள்.

சட்டி சீறியது. ஒரு நிமிடத்தில் அறை முழுக்கப் புகை. கண் எரிந்தது, இருமல் பிடித்தது. தீயைக் குறைக்கக் கை போனது. குறைத்தால் கறி தண்ணீர் விடும். வதங்காமல் அந்தத் தண்ணீரிலேயே வெந்து ரப்பராகிவிடும். ஒன்று கறி கெட வேண்டும், இல்லை ஜன்னல் திறக்க வேண்டும்.

அவள் தீயைக் குறைக்கவில்லை. ஜன்னலைத் திறந்தாள். போதாதென்று கதவையும் திறந்தாள். பூண்டையும் வெங்காயத்தையும் போட்டு, பச்சை, சிவப்புக் குடமிளகாயை அள்ளிப் போட்டுக் கிளறினாள்.

மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ரேணுகாம்பாள் காலி வாளியோடு வாசலில் வந்து நின்றாள்.

"இன்னா மதி, வாசன தூக்குது? கோழியா?"

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அதற்கான கேள்வியை ரேணுகாம்பாளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். மதி அடுப்பை அணைத்தாள்.

"இல்லைங்க ஆன்ட்டி. மாட்டுக்கறி."

"இன்னாது?"

"மாட்டுக்கறிங்க. குடமிளகாய் போட்டது."

ரேணுகாம்பாள் கதவு நிலையிலிருந்து கையை எடுத்தாள். "வேற எதுவும் ஆவாதுன்னு அன்னிக்கே சொன்னனா இல்லியா?"

"வேறன்னுதாங்க சொன்னீங்க. பேர் சொல்லல."

"பேரு வேற சொல்லணுமாடி? மலை தெரியிற வீடு இது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஜனங்க வெறுங்காலோட நடக்கற ரோடு."

"காலையில நீங்க கோழி வெச்சீங்களே ஆன்ட்டி. உங்க சமையக்கட்டு ஜன்னல்லயும் அதே மலைதான தெரியுது?"

"கோழியும் இதுவும் ஒண்ணா?"

"மார்த்தா இதையேதான் ஆக்கனாங்க. வாசன நல்லாக்கீதுன்னு சொன்னீங்க."

"அவங்க வெள்ளக்காரங்க. அது அவங்க ஊரு சாப்பாடு."

"எங்க ஊரு சாப்பாடும் இதாங்க. என் ஊரு போளூரு. பஸ்ல போனா மதியத்துக்குள்ள போயிடலாம்."

ரேணுகாம்பாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "எட்டு மாசமா ஊமை மாதிரி இருந்துட்டு இப்போ இன்னா பேச்சு பேசற! இந்த மாசத்தோட காலி பண்ணிக்கோ."

மதி கரண்டியைச் சமையல் மேடைமேல் வைத்தாள். பரிசோதனைக் கூடத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் ஒரு பாட்டில் தண்ணீரைக்கூட வாங்கமாட்டார்கள்.

"பண்றேங்க. எழுதிக் குடுங்க."

"இன்னாத்த எழுதறது?"

"மாட்டுக்கறி சாப்பிட்டதால காலி பண்ணச் சொல்றேன்னு. தேதி போட்டு, கீழ கையெழுத்து போட்டுக் குடுங்க. அன்னிக்கே போயிடறேன்."

ரேணுகாம்பாள் சடக்கென்று திரும்பினாள். வாளி படிக்கட்டுச் சுவரில் இடிபட, இறங்கிப் போனாள்.

கீழே அவள் கணவர் ராஜமாணிக்கத்தின் குரல் கொஞ்ச நேரத்தில் உயர்ந்தது. அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர்.

"எழுதிக் குடுக்கறதா? பேனாவத் தொட்டன்னா பாரு! அந்தக் காயிதத்த எடுத்துக்கினு அவ நேரா கலெக்டராபீஸ் போனா யாருடி நிக்கறது?"

"அதுக்காக? சும்மா விடறதா?"

அதற்கு அவர் என்ன சொன்னார் என்று மேலே கேட்கவில்லை.

மதி தட்டில் சோற்றைப் போட்டு, கறியைப் பக்கத்தில் வைத்து, கதவுக்கு நேராக உட்கார்ந்தாள். குடமிளகாய் கொஞ்சம் குழைந்திருந்தது. கறி பஞ்சு மாதிரி வெந்திருந்தது. ஆனால் சாஸிலேயே உப்பு இருப்பதை மறந்து தனியாக வேறு உப்புப் போட்டிருந்தாள். ஜாஸ்தியாகிவிட்டது.

சோற்றைக் கூடப் போட்டுப் பிசைந்துகொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனி உப்பு போடக் கூடாது.