விநாசித்தம்பியின் தேனீக்கள்

எங்கள் வீட்டுச் சாக்கடையில் தேனீ வளர்ந்த கதை பினாங்கு ஜார்ஜ் டவுனில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் சிரித்தே செத்துப்போவார்கள். சாவதற்கு இப்போது வேறு காரணங்கள் நிறைய இருப்பதால் நானும் சொல்லவில்லை.

ஜப்பான்காரன் வந்து வெள்ளைக்காரன் ஓடியபோது என் கணவர் விநாசித்தம்பியின் கணக்கெழுதும் கிராணி வேலையும் கூடவே ஓடிவிட்டது. வேலையில்லாத ஆண்களை ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான். தொழில் உள்ளவர்களை விட்டுவைத்தான். இவருக்குத் தெரிந்த தொழில் பேனா பிடிப்பது ஒன்றுதான். அதனால், பெயர் எழுதிக்கொள்ள வந்தவர்களிடம் தேனீ வளர்ப்பதாகச் சொல்லிவிட்டார்.

வீட்டின் பின்னால் தேங்கிக் கிடக்கும் சாக்கடையில் எலிவால் போல வால் வைத்த புழுக்கள் நெளியும். அவைதான் வளர்ந்து, மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட பூ ஈக்களாகிக் கரையோரக் கங்கோங் கீரைப் பூக்களுக்கு மேலே அந்தரத்தில் அசையாமல் நிற்கும். பார்த்தால் அசல் தேனீ. கொட்டத் தெரியாது, தேன் சேர்க்கத் தெரியாது. இங்கிலீஷ் படித்த என் கணவருக்கு இவை பெரிய குறைகளாகப் படவில்லை.

அந்தச் சாக்கடையைப் பற்றி வருடக்கணக்காக மனு எழுதியவர், இப்போது யாரும் அதைத் துப்புரவாக்கிவிடாமல் காவல் காத்தார்.

"இஞ்சாரும், நாறுது எண்டு ஒருத்தரிட்டயும் சொல்லிப்போடாதையும்," என்று எனக்கும் கட்டளை.

ஜப்பான் அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். கொட்டிவிடும் என்று தள்ளி நின்றே ரசித்தார். பரம திருப்தி. "சயாம் முகாம்களில் நோயாளிகளுக்குத் தேன் வேண்டும். தேனீக்களோடு நாளைக்கே ரயில் ஏறு," என்றார் மலாயில்.

  நான் பூவில் இருந்த ஈ ஒன்றை லபக்கென்று கைக்குள் பிடித்துக்கொண்டு அதிகாரியின் முன்னால் போய் நின்றேன்.

"துவான், இது வெறும் ஈ. கொட்டாது. சாக்கடைப் புழுவிலிருந்து வருவது. ஈ எது, தேனீ எது என்று தெரியாத முட்டாள் இந்த மனுஷன்," என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்.

அதிகாரி என் கையைப் பார்த்தார், சாக்கடையைப் பார்த்தார். பிறகு இவரை அறைந்த அறை அடுத்த தெருவுக்கே கேட்டிருக்கும். சாக்கடை மேல் அவ்வளவு பிரியமென்றால் இந்த ஊர்ச் சாக்கடைகளையெல்லாம் இவனே கழுவட்டும் என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

ஆக, இவருக்குத் தொழில் கிடைத்துவிட்டது. பொழுது சாய்ந்ததும் நாறிக்கொண்டு வருகிறார். அந்நியன் முன்னால் முட்டாள் என்று சொன்னேனாம், என்னோடு பேச்சில்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

படுக்கட்டும். எதிர்வீட்டுத் தவமணியின் புருஷன் சயாமுக்குப் போய் வருடமாகிறது. அவளோடு கோபித்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை.