பிச்சிப்பூ வாடவில்லை

முத்துராணியின் மடியில் ஒரு தெர்மோகோல் பெட்டி. அதற்குள் சின்னச்சின்னக் குழாய்கள், குழாய்களில் கண்ணுக்குத் தெரியாத பளிங்குப் படிகங்கள். மருந்துக்கு அடங்காத ஒரு கிருமியின் புரதத்திலிருந்து அவள் வருடக்கணக்காக வளர்த்தெடுத்தவை. ஜெர்மனியில் ஒரு எக்ஸ்ரே லேசர் இருக்கிறது, மக்கா. அதன் ஒளி பட்டதும் பளிங்கு சிதறிப்போகும். சிதறுமுன்னே உருவத்தைப் படம் பிடித்துவிடுவார்கள். சாகப்போகிற பளிங்குதான், ஆனாலும் அங்கே முழுசாகப் போய்ச் சேரவேண்டும். அந்த லேசரில் அவளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பகல். அது தவறினால் ஆராய்ச்சிப் பட்டமும் அதோடு போயிற்று.

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வண்ணார்பேட்டையில் கார் கிளம்பும்போது அவளுடைய பேராசிரியர் ஞானசம்பந்தனின் மனைவி கோமதியும் ஏறிக்கொண்டாள். அதே ஊரில் அவள் மகளுக்கு வளைகாப்பு. வாழையிலையில் பந்தாகச் சுற்றிய பிச்சிப்பூச் சரம் கையில்.

"அக்கா, இந்தப் பெட்டிக்கு ஐஸ் மட்டும் ஆகாது. குளிர் பட்டா உள்ள இருக்கது வெடிச்சிரும்," என்று முத்துராணி முதலிலேயே சொல்லிவைத்தாள்.

"ஐஸ் வைக்காம தெர்மோகோல் பெட்டி எதுக்குட்டி?"

"சூடு ஏறாம இருக்கத்தான்க்கா."

"கேட்டியாப்பா பெருமாள்ராஜ், ஐஸ் ஆகாதாம். நெய்மீனை விட ஒசத்தி போல."

டிரைவர் பெருமாள்ராஜ் சிரித்தான். முத்துராணியும் சிரித்துவைத்தாள்.

வள்ளியூர்ப் பக்கம் ஓர் ஓட்டலில் நிறுத்தினார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போகமுடியுமா?

"இங்கன தாட்டி. முழுங்கவா போறேன்?" என்றாள் கோமதி.

திரும்பி வந்தபோதும் பெட்டி கோமதியின் மடியிலேயே இருந்தது. "இருக்கட்டும், நீ செத்த தூங்கு." பேராசிரியர் வீட்டு அம்மா தன் பெட்டியைச் சுமக்கிறாளே என்று அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. பல நாளைக்குப் பிறகு அயர்ந்து தூங்கினாள்.

விமான நிலையத்தில் இறங்கி, ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று டேப்பைப் பிரித்தாள். உள்ளே ஐஸ்கட்டி. அதன்மேல் வாழையிலைப் பந்து. குழாய்கள் எல்லாவற்றுக்கும் அடியில்.

ஒன்றை எடுத்துச் சாய்த்துப் பார்த்தாள். காலையில் இதைச் சாய்த்தபோது உள்ளே பட்டு நூல் சுழல்வதுபோல மினுமினுத்தது. இப்போது திரிந்த பால்போல ஒரு கட்டி அடியில் ஒட்டிக் கிடந்தது.

"அக்கா, நான் சொன்னேம்லா?"

"சொன்ன, யாரு இல்லைன்னா? ஐஸைப் பையில வச்சா ஒழுகி என் பட்டுச்சேலை வீணாப் போகும்லா. உன் தண்ணிக்காக எம்மவ வாடின பூவையா வைப்பா?"

ஐஸ் வாங்கிவந்த பெருமாள்ராஜ் டிக்கியைத் துடைக்கப் போய்விட்டான்.

முத்துராணி பேராசிரியருக்குப் போன் போட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஐஸ் வச்சது நீன்னே இருக்கட்டும். வீட்டு ஆளை இதுல இழுக்காத."

"சார், இனி நான் போயி என்ன செய்ய?"

"போயி அந்த ஜெர்மனிக்காரங்க மூஞ்சியப் பாத்து, தப்பு என்னோடதுன்னு நீயே சொல்லு. உன் பட்டத்துக்குக் கையெழுத்துப் போடப்போறது நான்தான், மறந்திராத."

"சரி சார்."

கோமதி சரத்தை உதறிப் பார்த்தாள். முகமெல்லாம் மலர்ச்சி. ஒரு சாண் கிள்ளியெடுத்தாள்.

"திரும்புட்டி. வெறுந்தலையோட வெளிநாடு போவாளா ஒருத்தி? பாரு, ஒரு மொட்டுகூட வாடலை."

முத்துராணி திரும்பி நின்றாள். பூவிலிருந்து ஐஸ் தண்ணீர் பிடரி வழியாக முதுகில் இறங்கியது. பெட்டியை மூடி, டேப்பை அழுத்தி ஒட்டி, மடியில் வைத்திருந்த அதே பதனத்தோடு இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள்.