எடுத்து வைத்த சாமை

கோணியின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு சின்னராசு அவசரப்படுத்தினார். "கொட்டும்மா, சீக்கிரம். பத்து மணிக்குள்ள எடுக்கணும்."

கல்பனா கொட்டவில்லை. கையிலிருந்த அட்டைப்பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் அவளுடைய அண்ணன் வெற்றிச்செல்வன் மாலையோடு படுத்திருந்தான். நேற்றுச் சாயங்காலம் வரை ஜமுனாமரத்தூரில் ஜெராக்ஸ் கடை நடத்தியவன். நாற்பத்திரண்டு வயசு, மாரடைப்பு, அவ்வளவுதான்.

பின்னறை முழுக்க அவன் சேர்த்தவை. கூரை வரைக்கும் பலகை அடித்து, செருப்புக் கடையில் கேட்டு வாங்கிய பெட்டிகளை வரிசையாக அடுக்கியிருந்தான். அத்தனையும் பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுகள். சிடிகள், அதற்கும் முந்தைய ஃப்ளாப்பிகள். திருப்பத்தூர், வாணியம்பாடி என்று எங்கே பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டாலும் இவனுக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிடும்.

செத்தவர் அன்றாடம் கையாண்டதைக் குழியில் கூடவே வைப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். அப்பாவுக்கு அரிவாளும் வெற்றிலைப் பையும் போயின. வெற்றிச்செல்வனுக்கு எதைப் போடுவது என்று தாய்மாமன் சின்னராசு யோசிக்கவேயில்லை.

"பொண்டாட்டி புள்ளன்னு இன்னா இருந்துச்சி அவனுக்கு? எல்லாம் இதுதான். கூடவே போவட்டும்" என்றார்.

"நானே எடுத்துப் போடறேன் மாமா" என்று கல்பனா சொன்னதற்குக் காரணம் இருந்தது. அதை அவரிடம் சொல்ல முடியாது. அவள் தன் பெயரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. இங்கிலீஷ் பெயர் ஒன்றுகூட இல்லை. சின்ன வயதில் அண்ணனும் தங்கையுமாக வைத்த பெயர்களையே அவன் கடைசிவரை வைத்திருந்தான். அதன் கீழே தேதி, யார் ஆடினார்கள், எங்கே நிறுத்தினார்கள். 'பன்னி சுடறது. போஸ்ட் ஆபீஸ் பாண்டுரங்கன். நாலாவது காடு வரைக்கும்.' 'வண்டி. குணசீலன் சார். பாலத்துல வுழற எடம்.' பாண்டுரங்கன் வாசலில் கைகட்டி நின்றிருந்தார். பதினோரு வருஷமாகத் தான் நாலாவது காட்டிலேயே நின்றுகொண்டிருப்பது அந்த மனுஷருக்குத் தெரியாது.

ஒவ்வொரு பெட்டியின் மூலையிலும் துணியில் கட்டிய சின்ன முடிச்சு ஒன்று இருந்தது. சின்னராசு ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். "சாமை. இத எதுக்குடா இதுல வெச்சான், எலிக்கா?" என்று கோணியில் எறிந்தார்.

ஊர்க்காரர்கள் பெயரெல்லாம் இருந்தது. தங்கை பெயர் மட்டும் ஒரு சீட்டிலும் இல்லை.

ஏன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அவள் கல்யாணத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, பரண்மேல் இருந்த ஒரு பெட்டி ஃப்ளாப்பியைக் குப்பையோடு குப்பையாகக் கொளுத்தியவள் அவள்தான். வேண்டுமென்று செய்யவில்லை. பெட்டியைப் பிரித்துப் பார்க்கவில்லை, அதுதான் தப்பு. அண்ணன் திட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். "பரவால்ல வுடு" என்றவன் அப்புறம் முகம் கொடுத்துப் பேசவேயில்லை. அவளுக்கும் வீம்பு. பொம்மை விளையாட்டுக்காகக் கூடப்பிறந்தவளை ஒதுக்குவானா என்று, வாழ்க்கைப்பட்ட ஆலங்காயத்திலேயே இருந்துவிட்டாள். அம்மா சாவுக்கு வந்ததோடு சரி.

அந்த வீட்டில் புதுச் சாமை அறுத்தால், கட்டிக்கொடுத்த பெண்ணுக்கென்று ஒரு டின் எடுத்துவைத்து மூடியில் பெயர் எழுதிவிடுவார்கள். வருஷம் தவறாமல் பக்கத்து வீட்டுச் செல்லியம்மாள் போன் செய்வாள். "சாமை எடுத்து வெச்சிருக்கான்டி. நேர்ல வந்து எடுத்துக்கச் சொன்னான்." கல்பனாவும் வருஷம் தவறாமல் ஒரே பதிலைச் சொன்னாள். "இங்க கடையிலயே கெடைக்குது சின்னம்மா."

கடைசிப் பெட்டியும் காலியானது. வரிசையில் வைத்த நாலு கோணிகளிலும் அவள் இல்லை. அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. செத்தவனிடம் சண்டை போடவும் வழியில்லாமல் எழுந்து சமையலறைக்குப் போனாள். அங்கே மூலையில் அந்த டின் இருந்தது. மூடியில் அவனுடைய குண்டெழுத்தில் 'கல்பனா'. அவன் கணக்கில் தங்கை என்றால் ஒரு டின் சாமை, அவ்வளவுதான் போலிருக்கிறது. அப்படியே இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பதால் செல்லியம்மாள் வீட்டு வாசலில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

"சின்னம்மா, இதப் போட்டுடுங்க. குழி வெட்டறவங்க சாப்புடட்டும்."

செல்லியம்மாள் தயங்கினாள். "ஏய், அது ஒனக்கு வெச்சதுடி. வருசா வருசம் பழசக் கொட்டிட்டு புதுசு மாத்துவான். அந்த டின்ன மட்டும் என்னத் தொடவே வுடமாட்டான்."

"எனக்குத்தான? நான்தான் சொல்றேன், கொட்டுங்க."

செல்லியம்மாள் முறத்தை வைத்துச் சாய்த்தாள். சாமை சரசரவென்று விழுந்தது. பாதி டின் காலியானபோது கூடவே ஒரு பிளாஸ்டிக் பொட்டலம் தொப்பென்று விழுந்தது.

"அடியாத்தே, இன்னாடி இது?"

கல்பனா பிரித்தாள். உள்ளே ஒரு துணி, துணிக்குள் ஒரு நீல ஃப்ளாப்பி. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. ராசா விளையாட்டு. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு பேர், இரண்டு நாடு. ஒருவர் தன் முறையை ஆடிவிட்டு எழுந்தால் மற்றவர் உட்கார வேண்டும். அவன் கடைக்குக் கிளம்பும்போது ஆடிவிட்டுப் போவான், அவள் சோறு வடித்துவிட்டு ஆடுவாள். தீ வைத்த அன்றைக்கு இது கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்திருக்கிறது.

ஒட்டியிருந்த சீட்டில் அவள் கல்யாணத்துக்கு மூன்று நாள் முந்தைய தேதி, தீ வைத்த அதே நாள். கீழே எழுதியிருந்தது:

'என் முறை ஆடிட்டேன். அடுத்து கல்பனா.'

"ஈரத்துல பூசணம் புடிச்சிடுமாம்" என்றாள் செல்லியம்மாள் மெதுவாக. "போன் தண்ணில வுழுந்தா அரிசில போட்டு வெக்கல? அந்த மாதிரின்னு சொல்வான். நான் அந்தப் பொட்டிங்கள்ல வெக்கற முடிச்சுக்கு மட்டுந்தான் சொல்றான்னு நெனச்சேன்."

கல்பனா எண்ணிப்பார்த்தாள். பதினான்கு போன். பதினான்கு தடவை கடையில் கிடைக்கிறது என்று சொல்லியிருக்கிறாள்.

ஃப்ளாப்பியைத் துணியில் சுற்றிப் பொட்டலத்தில் போட்டு டின்னின் அடியில் வைத்தாள். முறத்துச் சாமையை இரண்டு கையாலும் அள்ளி அதன்மேல் போட்டாள். கீழே சிந்தியதைக்கூட விடவில்லை, மண் நீக்கிப் பொறுக்கினாள்.

"அப்ப ஒலைக்கு இன்னாடி போடறது?" என்றாள் செல்லியம்மாள்.

"கடையில வாங்கிக்கலாம் சின்னம்மா."

மேளம் ஆரம்பித்தது. கோணிகளை ஆட்கள் தோளில் ஏற்றிக்கொண்டு போக, பின்னால் வந்த சின்னராசு அவள் மடியிலிருந்த டின்னைப் பார்த்து நின்றார்.

"அது இன்னாம்மா? அவன்துன்னா குடு, குழில வெச்சிடலாம்."

கல்பனா மூடியை அழுத்தி மூடினாள்.

"சாமை மாமா" என்றாள். "எனக்கு எடுத்து வெச்சது."