சந்தை திறவாத நாள்

கதிரவன் கூரைகளின்மேல் ஏறி வந்து, தெருவின் ஒரு பக்கத்துக் கதவுகளைப் பொன்னாக்கிவிட்டு மறுபக்கத்தை நிழலிலேயே விட்டுவைத்திருக்கும் இளங்காலைப் பொழுது. பால்வண்டிகள் போய்விட்டன, பள்ளிப்பிள்ளைகள் இன்னும் வரவில்லை. கடைக்காரர்கள் வாயிலைக் கூட்டி, இன்று நல்லதே நடக்கும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு பூட்டைத் திறக்கும் வேளை. அன்புடையீர், அந்நெடுந்தெருவின் நடுவே, முன்னும் பின்னுமாய் இருவாயில் கொண்டு நிற்கும் மாடிவீட்டைச் சற்றே உற்று நோக்குங்கள். முன்வாயிலில் மூக்குக்கண்ணாடிக் கடை. பின்வாயிலில், பதனிட்ட தோலும் மெழுகேற்றிய நூலும் மணக்கின்ற தோற்பைப் பட்டறை. மேல்மாடியில் இரண்டுக்கும் பொதுவாய் ஒரே அடுக்களை. அதனை ஆள்பவள் பைக்காரரின் மனைவி, கண்ணாடிக்காரரின் தமக்கை.

கணவனுக்கும் தம்பிக்கும் இடையே அவள் வாழ்ந்த வாழ்வு எளிதன்று. பைக்காரர் தம் பைகளை அயல்நாட்டுக்கு விற்று அயல்நாணயம் பெறுபவர். கண்ணாடிக்காரரோ கண்ணாடி வில்லைகளை அயல்நாட்டிலிருந்து தருவித்து அயல்நாணயம் கொடுப்பவர். எங்கோ ஒரு பெருநாட்டின் ஆட்சியாளர், காலையுணவு முடித்த கையோடு, வட்டியை உயர்த்துகிறோம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். உலகத்துப் பணமெல்லாம் அந்நாட்டை நோக்கி ஓட, நம் நாணயம் மதிப்பிழந்து சரியும். அன்று பைக்காரருக்குக் கொண்டாட்டம். கண்ணாடிக்காரர் முகத்தில் ஈயாடாது. அதே ஆட்சியாளர் மனம் மாறி வட்டியைத் தாழ்த்தினாலோ, முன்வாயிலில் சிரிப்பும் பின்வாயிலில் பெருமூச்சுமாய் வீடு தலைகீழாகும்.

ஆயினும் அவர்கள் நல்லவர்கள். ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்திருந்தவர்கள். மற்றவன் நொந்திருக்கையில் தான் மகிழ்வதா என்று நாணி, ஆதாயம் வந்த நாளில் பைக்காரர் முழங்கால் வலி என்று முனகத் தொடங்குவார். தம்பியோ தன் நல்ல நாளில் உணவில் உப்பில்லை என்று குறை கூறுவான். ஆகவே அவ்வீட்டில் நாள்தோறும் இருவரும் புலம்பினர். ஒன்று மெய்ப்புலம்பல், மற்றது பொய்ப்புலம்பல். கணவனின் முழங்கால் எவ்வளவு வலிக்கிறதோ அவ்வளவு வருவாய் என்று அவள் கணக்கிட்டு அறிவாள். இரண்டு புலம்பலையும் ஒரே வேளையில் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காதே புளித்துப்போயிற்று.

அந்த ஆண்டோ பெருநாடுகள் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றன. ஒன்று இறக்குமதி வரியை ஏற்ற, மற்றொன்று பதிலுக்கு ஏற்ற, நம் நாணயம் திங்கள்தோறும் தேய்ந்துகொண்டே வந்தது. பைக்காரரின் முழங்கால் இடைவிடாது வலித்தது. தம்பியோ புலம்புவதையே விட்டுவிட்டான். அதுதான் தமக்கையை அச்சுறுத்தியது. ஒருநாள் அவள் உணவு பரிமாறுகையில், தலை நிமிராமலே அவன் சொன்னான்.

“அக்கா, வில்லை ஏத்துன கப்பல் வந்துட்டிருக்கு. வர்றதுக்குள்ள காசு இன்னும் இறங்குச்சுன்னா, கடைய மூடிட்டு வெளியூர்ல ஒரு பெரிய கடையில வேலைக்குப் போயிடுவேன். பேசி வச்சுட்டேன்.”

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. தாயும் தந்தையும் போன பின்பு அவளுக்கென்று மிஞ்சிய பிறந்த வீடு, கீழே முன்வாயிலில் உட்கார்ந்து ஊரார் கண்களை அளந்துகொண்டிருந்த அந்த ஒருவன்தான். அவன் போய்விட்டால் தன் பிள்ளைப்பருவத்தை நினைவுகூரத் துணைக்கு ஒருவரும் இல்லை.

இதற்கு மருந்து இல்லாமலில்லை. ஒருவர்க்கு வருகின்ற அயல்நாணயத்தையே மற்றவர் தம் கடனுக்கு வாங்கிக்கொள்ளலாம். விலையை முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொண்டால் நாணயம் ஏறினாலென்ன, இறங்கினாலென்ன! வங்கியாரும் தடை சொல்லாத வழி அது. மூவருக்கும் அது தெரியும். ஆனால் தான் தாழ்ந்த நாளில் தம்பி கேட்டால் அது இரப்பது. தாம் உயர்ந்த நாளில் மாமனான பைக்காரர் தருவதாகச் சொன்னால் அது செருக்கு. நாணயம் அசையாத நாள் ஒன்று வாய்த்தாலன்றி எவரும் வாய் திறக்க வழியில்லை. அத்தகைய நாளை உலகம் எவர்க்கும் தருவதாயும் இல்லை.

அந்நிலையில், நாம் முன்பு கண்ட அந்த இளங்காலையில், வானொலி ஒரு செய்தி சொல்லிற்று. நாணயத்தைத் தாங்கிப்பிடிக்க இயலாத நிதியமைச்சர் பதவி விலகினார். புதியவர் பொறுப்பேற்றுத் தம் கொள்கையை அறிவிக்கும் வரை, அதாவது அன்று முழுவதும், பணச்சந்தை திறவாது. நாட்டுக்கே தலைக்குனிவு என்று தெருவில் பலர் உச்சுக் கொட்டினர். அவளோ கைத்துணியால் ஈரத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போய், முன்வாயிலைத் தாழிட்டாள்; பின்வாயிலையும் தாழிட்டாள்; இருவரையும் மேலே அழைத்து உட்கார வைத்தாள்.

“இன்னைக்கு யாருக்கு லாபம், சொல்லுங்க பாப்போம்?” என்றாள்.

“சந்தையே இல்லையே, எப்படிச் சொல்றது?” என்றார் கணவர்.

“தம்பி, உனக்கு நட்டமா?”

“தெரியாதுக்கா. நாளைக்கு ஏறினாலும் ஏறும், விழுந்தாலும் விழும்.”

“அப்ப இன்னைக்கு இந்த வீட்டுல ஒசந்தவரும் இல்ல, தாழ்ந்தவரும் இல்ல. ரெண்டு பேரும் வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? பேசுங்க. பேசாம ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது.”

பைக்காரரே முதலில் வாய் திறந்து, “மாப்ள, நேத்து சாயங்காலம் என்ன விலையோ அதே விலை. என் பணம் உன் கப்பலுக்கு. ஏறினா நீ வருத்தப்படக் கூடாது, எறங்கினா நான் வருத்தப்படக் கூடாது. சரிதானே?” என்றார். தம்பி எழுந்து நின்று இரு கைகளாலும் மாமன் கையைப் பற்றிக்கொண்டான். தமக்கை அடுக்களைக்குள் போய் ஏனங்களை வேண்டாத ஓசையுடன் கழுவினாள்.

மறுநாள் சந்தை திறந்தது. புதிய அமைச்சர் வாய் திறந்ததும் நாணயம் குப்புற விழுந்தது. அந்நாள்வரை எவரும் கண்டிராத வீழ்ச்சி. சரக்கேற்றி அனுப்பும் வணிகரெல்லாம் தெருவில் மகிழ்ச்சியில் தலைகால் புரியாமல் திரிந்தனர். பைக்காரரோ பட்டறையில் குனிந்து ஒரு பையின் விளிம்பைத் தைத்துக்கொண்டிருந்தார். சந்தை மூடுமுன் இருந்த விலைக்குத் தம்பிக்குத் தந்த அந்தப் பணம், ஒருநாள் பொறுத்திருந்தால் பட்டறைக்குப் பக்கத்து மனையையே வாங்கித் தந்திருக்கும். அவர் நெடுநாளாய்க் கண் வைத்திருந்த மனை அது.

தம்பி கடையைக் கடந்து உள்வழியே வந்து பட்டறையில் நின்றான். அவன் முகம் வெளுத்திருந்தது.

“மாமா, நேத்து பேசுனத விட்டுடுவோம். இவ்வளவு விழும்னு யாரு கண்டா? உங்க வாயில மண்ணப் போட்டுட்டு நான் கடை நடத்த வேண்டாம். நான் வெளியூருக்கே போயிடுறேன்.”

பைக்காரர் ஊசியைத் தோலில் குத்தி நிறுத்தினார். ஒரு கணம் அவர் கண் பக்கத்து மனையின் பக்கம் போய் மீண்டது. போகவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும்.

“ஏறியிருந்தா நீ என்கிட்ட வந்து விட்டுடச் சொல்லியிருப்பியா?”

“மாட்டேன்.”

“நானும் விட்டிருக்க மாட்டேன். அப்புறம் என்ன? மனை எங்கயும் ஓடிடாது மாப்ள. நீ போனா உங்க அக்கா மூஞ்சிய தெனமும் யாரு பாக்குறது? என்னால ஆகாதுப்பா.”

தம்பி சிரிக்க முயன்றான். முடியாமல் தோற்குவியலின்மேல் உட்கார்ந்து குழந்தைபோல் அழுதான். மாடிப்படியின் வளைவில், கீழே வருவதா வேண்டாமா என்று தயங்கி நின்றவள் எல்லாவற்றையும் கேட்டாள். மணமான நாளிலிருந்து அதுவரை கணவனிடம் கண்ட குறைகளையெல்லாம் அந்தக் கணத்தில் அவள் மன்னித்துவிட்டாள்.

அன்புடையீர், கப்பல் வந்தது, கடை மூடப்படவில்லை, மனையை வேறொருவர் வாங்கி வீடும் கட்டிவிட்டார். நாடுகளின் கொள்கைகள் அதன்பின் எத்தனையோ முறை மாறின. நாணயங்கள் ஏறின, இறங்கின. பதவி விலகிய அந்த அமைச்சர், தோல்வியுற்றவர் என்று பழிக்கப்பட்டு, எங்கோ ஓர் ஊரில் எவரும் தேடாத முதுமையில் ஒடுங்கியிருந்து மறைந்தார். தாம் நாட்டுக்குத் தலைக்குனிவு தேடித்தந்த அந்த ஒரு நாளில், யாரோ ஒரு தமக்கையைத் தன் தம்பியை இழந்துவிடாமல் காத்தோம் என்பதை அவர் கடைசிவரை அறியவில்லை. அறிந்திருந்தால், பாவம், சற்றே நிம்மதியாய் உறங்கியிருப்பார்.