பின்னால் வந்த ஒற்றைக் கட்டில்

செவ்வாய்க்கிழமை காலை நாளிதழுக்கு வரி விளம்பரம் எழுதி வாங்கும் அக்கா வேலைக்குக் கிளம்பியபோது, ஒற்றைக் கட்டில் ஒன்று மெத்தை தலையணையோடு அவளுக்குப் பின்னாலேயே படியிறங்கி வந்தது. அவள் நின்றால் நின்றது. அவள் சாலையைக் கடந்தால் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தானும் கடந்தது. தலைமாட்டில் தள்ளுபடி அட்டை ஆடியது. பேருந்து நடத்துநர் அதற்கும் டிக்கெட் கேட்டார். முந்தின நாள் சாப்பாட்டு இடைவேளையில் கைப்பேசியில் ஒற்றைக் கட்டில் ஒன்றைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் செய்த பாவம் அவ்வளவுதான்.

ஊருக்கு இது புதிதில்லை. அந்த வருஷம் விளம்பரங்கள் திரையைவிட்டு இறங்கி நடக்கத் தொடங்கியிருந்தன. பல் வைத்தியர் பின்னால் ஒரு டிரம்பெட் திரிந்தது. அக்கா வேலை பார்த்த நாளிதழின் ஆசிரியர், எதற்கும் அசையாதவர், ஒரு டோப்பாவை அறைக்கு வெளியே நிறுத்திவைத்துவிட்டுத்தான் தலையங்கமே எழுதினார். அடி விழுந்தது அக்காவின் பிரிவுக்குத்தான். முன்பெல்லாம் பீரோ விற்கிறவரும் வீடு தேடுகிறவரும் அவளுடைய கண்ணாடிச் சன்னலுக்கு வந்து தலையைச் சொறிவார்கள். "என்ன வேணும், சுருக்கமாச் சொல்லுங்க" என்பாள். அவர்கள் நீட்டி முழக்குவதை மூன்று வரியில் அடக்கிக் கொடுப்பாள். வேண்டியதை வாய்விட்டுச் சொல்ல ஊருக்கு அப்படி ஓர் இடம் இருந்தது. இப்போது அங்கே அவள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் கட்டில் நின்றுகொண்டிருந்தது.

அவள் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பழகுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை நேரம் பார்த்து மிதிப்பதுதான் அவர் பிழைப்பு. சாயங்காலம் வாசலில் கட்டிலைப் பார்த்ததும் அவருக்கு முகம் தொங்கிப்போயிற்று. ஒற்றைக் கட்டில் எத்தனை பேருக்கு என்று யாரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை.

"கை தவறிப் பட்டுடுச்சுங்க" என்றாள்.

"பட்டாப் பட்டுட்டுப் போகுது" என்றார். கட்டினவளிடம் கேட்க வாய் வராமல், குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, மனைவி தனிக் கட்டில் பார்த்தால் என்ன அர்த்தம் என்று தன் கைப்பேசியிடம் கேட்டார். மறுநாள் காலையில் வாசலில் கறுப்புக் கோட்டோடு ஒரு விவாகரத்து வக்கீல் நின்றார். முதல் ஆலோசனை இலவசம் என்றார். மரியாதையான மனிதர், செருப்பை வெளியிலேயே கழற்றினார்.

அதன்பின் மாதக்கணக்கில் அந்த வீடு அப்படியே ஓடியது. வக்கீல் பயிற்சிக் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து போய்வந்தார். வண்டி எதிலாவது இடிக்கப் போகும்போதெல்லாம் கோப்பைத் திறந்து பேனாவை எடுத்தார். பிரிந்துபோக அவள் முடிவு செய்துவிட்டாள் என்று கணவர் மருகினார். முடிவு செய்தது அவர்தான், இல்லாவிட்டால் வக்கீல் எதற்கு என்று அக்கா குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். இரண்டு பேருக்கும் மற்றவரை விட்டால் நாதியில்லை. அதை மட்டும் இரண்டு பேரும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேஜையில், வக்கீலுக்கே பொறுமை போய்விட்டது. கோப்பைத் திறந்து அக்காவிடம், "உங்களுக்கு என்னதாம்மா வேணும்? சுருக்கமாச் சொல்லுங்க" என்றார். ஊரையே அப்படிக் கேட்டவளை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பழக்க தோஷம், மூன்று வரியில் சொன்னாள்.

"தூக்கத்துல இவர் பிரேக் போடுறாரு. அந்தப் பிரேக் என் முழங்கால்ல இருக்கு. ஒரு ராத்திரி முழுசாத் தூங்கணும், அவ்வளவுதான்."

கணவர் கரண்டியைக் கீழே வைத்தார். "இத்தனை வருஷமாவா? என்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"பகல் பூரா பயந்து பயந்து மிதிக்கிறீங்க. வீட்டுலயும் அதையே சொல்லிக் காட்டணுமா?"

"நான் என்னமோ நீ என்னை விட்டுட்டுப் போகப்போறேன்னு…" என்று ஆரம்பித்தவருக்கு அழுகை வந்தது, அழும்போதே சிரிப்பும் வந்தது. வக்கீல் கோப்பை மூடினார். வழக்கு இல்லை, ஆனால் போகவும் முடியாது. விளம்பரத்தை நிறுத்தும் வழி அவருக்கே தெரியவில்லை. களைத்துப்போய், வாசலில் நின்ற கட்டிலில் கோட்டோடு சாய்ந்தார். அன்று சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை.

பிறகு நாளிதழ் காகிதத்தை விட்டுக் கைப்பேசிக்குள் குடிபோனது, கண்ணாடிச் சன்னலை எடுத்துவிட்டுச் சுவர் வைத்தார்கள். வக்கீலும் கட்டிலும் இன்னும் வாசலில்தான் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் அக்கா இருவரையும் கூடத்துக்குள் இழுத்துவிடுகிறாள். கணவர் இப்போதும் தூக்கத்தில் பிரேக் போடுகிறார். கால் விறைக்கத் தொடங்கும்போதே அக்கா கண்ணைத் திறக்காமல் அவர் தோளில் கை வைத்து, "ரோடு காலியா இருக்குங்க, போங்க" என்கிறாள். கால் மெல்லத் தளர்கிறது.