ஸ்டோர் டூவில் ஒரு வகுப்பறை

தமிழ் வகுப்பின் கதவு ஒரு சாண் திறந்ததோடு நின்றுவிட்டது. விசாலாட்சி டீச்சர் தோளால் முட்டிப் பார்த்தார். உள்ளே ஏதோ சரிந்து விழுந்தது. கதவு மட்டும் அசையவில்லை.

"தள்ளாதீங்க டீச்சர்! சானிட்டைசர் இருக்கு, உடைஞ்சிடும்!" கேன்டீன் பக்கமிருந்து ஓடி வந்தார் ஆம்ப்ரோஸ்.

ஆம்ப்ரோஸ் அந்தத் தொடக்கப்பள்ளியின் ஆபரேஷன்ஸ் மேனேஜர். குழாய் ஒழுகினாலும் அவர்தான், கூரை ஒழுகினாலும் அவர்தான். அன்று 2020 மே மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. கொரோனாவுக்காக மூடிக் கிடந்த பள்ளி செவ்வாய்க்கிழமை திறக்க வேண்டும். அதற்குமுன் ஆயத்தநிலைப் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். அத்தனைக்கும் 'ஆம்' என்றால் பச்சை. ஒன்றே ஒன்று 'இல்லை' என்றாலும் மஞ்சள். ஆயத்தக் குழுவின் தலைவரான துணை முதல்வர் ரகுபதிக்கு மஞ்சள் என்றாலே ஆகாது.

"உள்ள என்னத்த வச்சிருக்கீங்க?"

"நாப்பத்தாறு பெட்டி டீச்சர். சானிட்டைசர், தரையில ஒட்டுற கால்தடம், 'நாங்கள் தயார்'னு பேனர். எல்லாம் மேலிடத்துலேருந்து வந்தது."

"செவ்வாய்க்கிழமை என் ஒன்பது பிள்ளைங்க எங்க உக்காரும்? பேனர் மேலயா?"

"கோவப்படாதீங்க லா. பிளான்ல இது வகுப்பறையே இல்ல. ஸ்டோர் டூ."

"பதினோரு வருசமா இந்த ஸ்டோர்லதான் பாடம் எடுக்கறேன். உங்க மக கேட்லின்கூட இந்த ஸ்டோர்லதான் தமிழ் படிச்சா."

சீனமும் மலாயும் படிப்பவர்களே நிறைந்த அந்தப் பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் வகுப்புக்கு இரண்டு பேர், மூன்று பேர்தான். தமிழ்ப் பாட நேரம் வந்ததும் அவரவர் வகுப்பிலிருந்து புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு, மிச்சமிருக்கும் அறையைத் தேடி வருவார்கள். அப்படி மிச்சமான அறை இது. ஒரு மின்விசிறி சுற்றும், இன்னொன்று சும்மா தொங்கும். சன்னல்கள் இரண்டும் எப்போதோ அடித்த பெயின்டில் ஒட்டிப்போனவை. பதினேழாவது கேள்வி: 'எல்லா வகுப்பறைகளிலும் சன்னல்கள் திறக்கின்றனவா?' ஸ்டோரின் சன்னல் யாருக்காகத் திறக்க வேண்டும்? ஆம்ப்ரோஸ் 'ஆம்' போட்டிருந்தார்.

இருவரும் ரகுபதியின் அறைக்குப் போனார்கள். எட்டுப் பேர் உட்காரும் மேசை, இரண்டு ஏர்கான். அவர் ஒருவர்தான் இருந்தார்.

"ஒன்பது பேர்தானே டீச்சர்? ஜூம்ல எடுத்துடுங்க" என்றார் ரகுபதி.

"ஸ்கூலுக்கு வந்த பிள்ளைக்கு ஜூம்லயா சார்? ருக்சார்கிட்ட லேப்டாப்பே கிடையாது. தொடக்கநிலை ஆறு, கடைசி வருசம். ஆகஸ்ட்ல வாய்மொழித் தேர்வு."

"லேப்டாப் கொடுத்தோமே?"

"வீட்டுல வைஃபை இல்லன்னு அவங்கம்மா எழுதினாங்க. வைஃபை இல்லாத வீட்டுக்கு லேப்டாப் வீண்னு உங்க குழு வேற யாருக்கோ கொடுத்துடுச்சு."

"குழு முடிவு பண்ணியிருந்தா யோசிச்சுத்தான் பண்ணியிருக்கும்" என்றார் ரகுபதி. பிறகு, நெருக்கடியே நம்மைச் செதுக்கும் உளி என்று பேசத் தொடங்கினார். திறப்பு நாளன்று ஒலிபெருக்கியில் பேச எழுதி வைத்திருந்த உரை அது. விசாலாட்சி பாதியிலேயே எழுந்து போய்விட்டார். ஆம்ப்ரோஸ் முழுவதும் கேட்டார். அவருடைய வேலை அப்படி.

சனிக்கிழமை, தேக்கா சந்தையில் மசாலா வாங்க ஆம்ப்ரோஸ் வரிசையில் நின்றார். கடையில் பொடி நிறுத்துக் கொடுப்பவர் ருக்சாரின் அம்மா ஷபானா. முகக்கவசத்துக்கு மேல் கண்ணைப் பார்த்தே ஷபானா அவரை அடையாளம் கண்டுகொண்டார்.

"சார், செவ்வாய்க்கிழம தமிழ் கிளாஸ் கண்டிப்பா இருக்குல்ல? வீட்டுல ஒரே போன். அதுவும் என்கூட வேலைக்கு வந்துடுது. ரெண்டு மாசமா பிள்ள பாடமே கேக்கல. நான் வீடு போய்ச் சேர்ற நேரத்துல டீச்சரோட ஜூம் வகுப்பு முடிஞ்சிடுது."

"எல்லாம் ரெடி ஷபானா" என்றார் ஆம்ப்ரோஸ். நூற்றுப் பன்னிரண்டு முறை 'ஆம்' போட்டுப் பழகிய கை. வாயும் அப்படியே பழகிவிட்டிருந்தது.

"அப்பாடா! இப்பத்தான் சார் மூச்சு வருது." அவர் கேட்காமலேயே ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் பையில் திணித்தார் ஷபானா. "வச்சுக்குங்க சார், காசு வேணாம்."

அந்தக் கறிவேப்பிலையை ஆம்ப்ரோஸால் குழம்பில் போட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அது குளிர்பெட்டியில் கிடந்தது. கதவைத் திறக்கும்போதெல்லாம் வாசம் வந்தது.

திங்கட்கிழமை காலை, பள்ளியைப் பார்வையிட மேலிடத்திலிருந்து மோகனப்பிரியா என்ற அதிகாரி வந்தார். ஒத்திகைக்காக மாணவர்களுக்குப் பதில் ஆசிரியர்கள் கால்தடங்களில் நின்று, உடல்வெப்பம் பார்த்துக்கொண்டு, கை கழுவிக் காட்டினார்கள். ரகுபதிக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பொருள் இருப்பையும் பாத்துடுங்க மேடம்" என்று தானே ஸ்டோர் டூவுக்கு அழைத்துப் போனார். ஆம்ப்ரோஸும் பின்னாலேயே போனார்.

அதிகாரி ஒரு சாண் இடைவெளியில் ஒருக்களித்து நுழைந்தார். பெட்டிகளுக்கு மேலே சுவரில் ஒரு வெண்பலகை தெரிந்தது. பள்ளி மூடுமுன் கடைசி வகுப்பன்று அதில் எழுதியிருந்ததைத் தமிழிலேயே படித்தார்: "ஏழு, ஏப்ரல். நாளை தொடர்வோம்."

"இது என்ன?"

"பழைய போர்டு மேடம்" என்றார் ரகுபதி. "வீணாக்க வேணாமேன்னு ஸ்டோர்ல வச்சிருக்கோம். இல்லையா ஆம்ப்ரோஸ்?"

ஆம்ப்ரோஸின் தலை வழக்கம்போல் ஆடத் தொடங்கியது. பாதியில் நின்றது.

"இல்ல மேடம். இது தமிழ் வகுப்பு. ஸ்டோர்னு எழுதினா பச்சை கிடைக்கும்னு எழுதினேன். சன்னல் திறக்காது. பதினேழாவது பதில் பொய். பொய் எழுதினது நான்தான்."

"ஆம்ப்ரோஸ்!" என்றார் ரகுபதி.

"சார், நீங்க உரைய தயார் பண்ணீங்க, நான் படிவத்த தயார் பண்ணேன். பிள்ளைக்கு ஒரு நாற்காலிய யாரும் தயார் பண்ணல."

மோகனப்பிரியா படிவத்தில் 'பச்சை'யை அடித்துவிட்டு 'மஞ்சள்' என்று எழுதினார். நாளைக் காலை ஏழு மணிக்குள் அறை காலியாக வேண்டும் என்றார். இன்னும் எத்தனை பள்ளிகளில் இப்படி ஸ்டோர்கள் இருக்கின்றன என்று அவரும் கேட்கவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

"நாப்பத்தாறு பெட்டிய எங்க வைக்கறது?" அதிகாரி போனதும் ரகுபதி கத்தினார்.

"உங்க ரூம் பெருசு சார். ஏர்கானும் இருக்கு. சானிட்டைசருக்கு நல்லது."

சாயங்காலம் ஆம்ப்ரோஸ் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு சன்னல் பெயின்டைச் சுரண்டினார். ஒரு சன்னல் திறந்தது. மற்றது அசையவே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை ரகுபதியின் கதவு ஒரு சாண்தான் திறந்தது. ஸ்டோர் டூவில் ஒன்பது பேர் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். ருக்சார் சன்னலோரம். அவளுக்கு இன்னும் லேப்டாப் இல்லை. அதைக் கேட்டு விசாலாட்சி மூன்றாவது கடிதம் எழுதியிருந்தார்.

"பச்சை போச்சே, வருத்தமா ஆம்ப்ரோஸ்?" என்று வாசலில் கேட்டார் விசாலாட்சி.

"போகட்டும் டீச்சர். ஸ்கூல் தயாரா இல்லையான்னு காகிதத்தப் பாத்துச் சொல்லக்கூடாது, கதவத் திறந்து பாத்துத்தான் சொல்லணும். கடைசிப் பிள்ளைக்கு உக்கார எடம் இல்லன்னா, நாம போட்ட அத்தனை 'ஆம்'மும் பொய்தான்."

விசாலாட்சி உள்ளே போய், வெண்பலகையில் 'ஏழு, ஏப்ரல்' என்பதை அழித்துவிட்டு அன்றைய தேதியை எழுதினார். 'நாளை தொடர்வோம்' என்பதை மட்டும் அப்படியே விட்டுவைத்தார்.