கேதத்துக்கு வைத்திருந்தது

அரபு நாட்டில், புஜைராவில், கம்பெனி கிளினிக் கட்டிலில் உட்கார்ந்திருந்த சேதுபதிக்கு உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. வலது கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. அன்று காலை எண்ணெய்த் தொட்டியைச் சுற்றிக் கட்டிய சாரத்தில் பலகை சரிந்து, அவனோடு ஒரே ரூமில் இருந்த ஊர்க்காரன் ஐயப்பன் விழுந்து செத்துப்போனான். விழுவதற்கு முன்னால் சேதுபதியின் கையைப் பிடித்துத்தான் தொங்கினான். "விட்டுராதடா" என்றான். சேதுபதி விடவில்லை. எண்ணெய்ப் பிசுக்கில் பிடி வழுக்கிவிட்டது. "உனக்குத் தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுடா" என்றார்கள் கூட வந்தவர்கள். தலைப்பாகையா போனது? போனவன் ஐயப்பன்.

டாக்டர் நஸீரா கீழக்கரைக்காரர். இவன் முதுகுளத்தூர்ப் பக்கம் என்று தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"பயத்துல உடம்புல அட்ரினலின்னு ஒண்ணு எக்கச்சக்கமா சுரக்கும். நடந்ததை மனசுல ஆணி அடிச்ச மாதிரி இறக்குறது அதுதான். இந்த மாத்திரை அதை அடக்கும். இப்பவே ஆரம்பிச்சாத்தான் பலன், நாள் போனா இல்லைங்கறாங்க. இன்னும் சோதிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க, கண்டிப்பாக் கேக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். சாப்பிடுறீங்களா?"

"நடந்தது மறந்துருமா டாக்டர்?"

"மறக்காது. நெனைக்கிறப்போ இப்படிப் பதறாது, அவ்வளவுதான்."

அந்த வார்த்தைதான் அவனுக்கு இடித்தது. அவன் ஊரில் சாவு வீட்டுக்குக் கேதம் கேட்க வருகிறவர்களுக்கு, சாவு நேரத்தில் கூட இருந்தவன்தான் நடந்ததைச் சொல்ல வேண்டும். குரல் உடையாமல் சொன்னால், "கல்லு மாதிரி நின்னு சொல்றான் பாரு, என்ன நடந்துச்சோ" என்று பேச்சு கிளம்பிவிடும். ஐயப்பனின் மனைவி நாகவள்ளிக்கு அவன் சொல்லியாக வேண்டும், நான் கையை விடவில்லை என்று. பதறாமல் சொன்னால் அவள் எப்படி நம்புவாள்? மாத்திரையை வாங்கி, ரூமுக்கு வந்து கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியில் போட்டுப் பூட்டினான்.

போலீஸ் விசாரணை முடியவில்லை என்று அவனை ஊருக்கு விடவில்லை. ஐயப்பன் சவப்பெட்டியில் தனியாகப் போனான். அதன்பிறகு சைட்டில் பலகை விழுகிற சத்தம் கேட்டால் சேதுபதி இருந்த இடத்திலேயே குந்திவிடுவான். தூக்கத்தில் கத்தினான். மேல் கட்டில் சுரேஷ்குமார் தயங்கித் தயங்கி வேறு ரூமுக்கு மாறிக்கொண்டான். நல்ல பையன்தான், ஆனால் தூக்கம் போனால் டூட்டி போகுமே. மெஸ்ஸிலும் சேதுபதிக்குப் பக்கத்தில் தட்டு வைப்பதைத் தவிர்த்தார்கள். தனிமை என்றால் அப்படியொரு தனிமை. இருக்கட்டும், நாகவள்ளிக்குச் சொல்கிறவரைக்கும்தானே என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

ஊரில் காரியம் முடிந்த பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் டெலிபோன் பூத்தில் வரிசையில் நின்று நாகவள்ளியிடம் பேசினான். முறை வருவதற்குள் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. நல்லதுதான் என்று நினைத்தான்.

"தங்கச்சி, நான் சேதுபதி. அன்னைக்குக் கூட இருந்தது நான்தான்த்தா..."

"தெரியும்ணே. சொல்லாதீகண்ணே. ஆளாளுக்கு வந்து, பாத்த மாதிரியே சொல்லிட்டுப் போயிட்டாக. எனக்கு நெஞ்சு அத்துப்போச்சு. ரெண்டு புள்ளைகள வச்சிருக்கேன், நான் சோறாக்கணும், தூங்கணும். இனிமே அதைப் பேசிக்கிட்டு யாரும் வீட்டுக்கு வராதீகன்னுட்டேன். தப்பா நெனைக்காதீக. உங்க ஒடம்பப் பாத்துக்கங்க."

"சரித்தா. நான் கைய மட்டும்..."

அவள் வைத்துவிட்டாள்.

மாத்திரைக்கு டாக்டர் சொன்ன நாளெல்லாம் எப்போதோ போய்விட்டது. அவளுக்கென்று காத்து வைத்திருந்ததை இனி எவரும் கேட்கப்போவதில்லை. அவனுக்கு அழுகை வந்தது, யாருக்கும் பயன்படாத அழுகை.

"பாய், கலாஸ்?" வரிசையில் பின்னால் நின்ற பட்டாணியர், முடிந்ததா என்று கண்ணாடியைத் தட்டினார்.

சேதுபதி தலையாட்டினான். ரிசீவரை வைக்கப் போனான். வலது கை திறக்கவில்லை. குனிந்து, இடது கையால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினான்.